ஆங்கிலம் பழகுவோம்: 'யூஸ்ட் டு' படுத்தும் பாடு



ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்லும் பாடத்தை இந்த முறை பெரியவர்களுக்காகவும் எழுதுகிறேன். பிள்ளைகள் இந்தத் தவறைச் செய்தால் தேர்வில் ஒரு மதிப்பெண் குறையும். பெரியவர்கள் செய்தால் என்ன நடக்கும் என்பதை நான் கண்ணால் பார்த்தேன். அதையே முதலில் சொல்லிவிடுகிறேன்.

திருப்பூணித்துறையில் எங்கள் தெருவில் ஒரு மாமா இருக்கிறார். வயது எழுபதைத் தாண்டியவர். வேலை பார்த்த காலமெல்லாம் அலுவலகக் கடிதங்களை ஆங்கிலத்தில் எழுதியவர். ஒரு மாலை திடீரென்று தலைசுற்றல் வந்தது. மாமியும் நானும் ஆட்டோ பிடித்து அவரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனோம். அன்று பணியில் இருந்த இளம் மருத்துவர் வடக்கேயிருந்து வந்தவர். அவருக்குத் தமிழும் தெரியாது, மலையாளமும் இன்னும் பிடிபடவில்லை. ஆகவே பேச்செல்லாம் ஆங்கிலத்தில்தான்.

இரத்த அழுத்தத்துக்கு ஏதேனும் மருந்து உண்டா என்று மருத்துவர் கேட்டார். மாமா மிடுக்காகப் பதில் சொன்னார்: "ஐ யூஸ்ட் டு டேக் ஒன் டேப்லெட் எவ்ரி மார்னிங்."

மருத்துவர் தாளில் ஏதோ குறித்துக்கொண்டு, அளவு பார்த்தார். அழுத்தம் கூடுதலாகத்தான் இருந்தது. "மருந்தை நிறுத்தியிருக்கிறார், உடனே ஒரு மாத்திரை கொடுங்கள்" என்று நர்ஸிடம் ஆங்கிலத்தில் சொன்னார். அதைக் கேட்டதும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. மாமி கைப்பையைத் திறந்து மாத்திரை அட்டையை எடுத்து நீட்டினார். "இன்னிக்குக் காலம்பறகூட முழுங்கினாரே!" என்றார். நான் ஆங்கிலத்தில் எடுத்துச் சொன்னேன். மருத்துவர் எழுதியதை அடித்துவிட்டு, வேறு விதமாக யோசிக்கத் தொடங்கினார்.

தவறு மருத்துவருடையது அன்று. அவர் காதில் விழுந்த வாக்கியத்துக்கு ஒரே பொருள்தான் உண்டு: "முன்பு தினமும் காலையில் ஒரு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தேன், இப்போது இல்லை." மாமா சொல்ல நினைத்ததோ, "தினமும் காலையில் ஒரு மாத்திரை சாப்பிடுவது வழக்கம்." இரண்டுக்கும் நடுவே ஓர் உயிரே நிற்கிறது பாருங்கள்.

ஏன் இந்தக் குழப்பம்?

தமிழில் 'வழக்கம்', 'பழக்கம்' என்ற சொற்களை வைத்துக்கொண்டு மூன்று விஷயங்களைச் சொல்லிவிடுகிறோம்.

ஒன்று: இன்றும் நடக்கும் வழக்கம். "காலையில் நடக்கப் போவது வழக்கம்."

இரண்டு: முன்பு இருந்து, நின்றுபோன வழக்கம். "அப்போதெல்லாம் காலையில் நடக்கப் போவது வழக்கம்."

மூன்று: புதியதாக இருந்து, இப்போது உறுத்தாமல் போனது. "காலையில் நடப்பது பழகிவிட்டது."

முதலிரண்டு வாக்கியங்களுக்கும் வினையில் வேறுபாடே இல்லை. 'அப்போதெல்லாம்' என்ற ஒரு சொல்தான் காலத்தைக் காட்டுகிறது. ஆங்கிலம் அப்படியன்று. மூன்றுக்கும் மூன்று அமைப்பு வைத்திருக்கிறது. அவற்றுள் இரண்டில் 'யூஸ்ட் டு' என்ற அதே சொற்கள் வருவதால்தான் நாம் தடுக்கி விழுகிறோம். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதல் வகை: இன்றும் நடப்பது

இதற்கு 'யூஸ்ட் டு' வேண்டவே வேண்டாம். சாதாரண நிகழ்கால வினையே போதும். வேண்டுமானால் 'யூஷுவலி', 'ஆல்வேஸ்', 'எவ்ரி டே' போன்ற சொல்லைச் சேர்த்துக்கொள்ளலாம்.

"ஐ டேக் ஒன் டேப்லெட் எவ்ரி மார்னிங்." மாமா சொல்லியிருக்க வேண்டியது இவ்வளவுதான்.

"ஐ யூஷுவலி கோ டு தி டெம்பிள் ஆன் சாட்டர்டேஸ்." சனிக்கிழமைகளில் கோயிலுக்குப் போவது வழக்கம்.

அவன், அவள், அது என்று வந்தால் வினையின் கடைசியில் 'எஸ்' சேரும்: "ஷி யூஷுவலி கோஸ் பை பஸ்."

நம்மவர்கள் இங்கே இரண்டு விதமாகத் தவறுவார்கள். "ஐ யூஸ் டு கோ" என்று நிகழ்காலம் போல ஒன்றைத் தாங்களே செய்துகொள்வார்கள். பழக்கத்தைக் குறிக்க ஆங்கிலத்தில் அப்படி ஒரு நிகழ்கால வடிவம் கிடையாது. வேறு சிலர் "ஐ ஆம் யூஷுவலி கோயிங்" என்பார்கள். 'போய்க்கொண்டிருக்கிறேன்' என்பதன் தாக்கம் அது. தினசரி வழக்கத்துக்கு 'கோ' போதும், 'கோயிங்' வேண்டாம்.

'வழக்கமாக வைத்திருக்கிறேன்' என்று அழுத்திச் சொல்ல விரும்பினால் "ஐ ஆம் இன் தி ஹேபிட் ஆஃப் வாக்கிங் ஆஃப்டர் டின்னர்" என்று சொல்லலாம். 'ஹேபிட் ஆஃப்' வந்தால் அடுத்த வினை 'இங்'கில் முடிய வேண்டும். 'ஹேபிட் டு வாக்' என்று சொல்லிவிடாதீர்கள்.

இரண்டாம் வகை: முன்பு இருந்து, இப்போது இல்லாதது

இதற்குத்தான் 'யூஸ்ட் டு'. அடுத்து வரும் வினை எந்த ஒட்டும் இல்லாத அடிவடிவமாக இருக்கும்: கோ, ஈட், லிவ், பி. 'யூஸ்ட் டு வென்ட்' என்றோ 'யூஸ்ட் டு கோயிங்' என்றோ இங்கே வராது. இறந்தகாலத்தை 'யூஸ்ட்' என்ற சொல்லே சுமந்துவிடுகிறது. இன்னொரு முறை சுமக்க வேண்டாம்.

நம் ஊரிலேயே இதற்கு எடுத்துக்காட்டுகள் கொட்டிக்கிடக்கின்றன.

அத்தச்சமயம் தெரியாதவர்கள் இங்கே யாரும் இல்லை. சிங்கமாதம் அத்தம் நாளில் கொச்சி அரசர் பரிவாரங்களுடன் திருப்பூணித்துறை வீதியில் பவனி வருவார். 1949-இல் திருவிதாங்கூரும் கொச்சியும் ஒன்றாக இணைந்தபின் அந்த அரச பவனி நின்றுவிட்டது. 1961-இலிருந்து அது மக்கள் விழாவாக நடந்துவருகிறது. இதை ஆங்கிலத்தில் சொல்லுங்கள்: "தி கிங் யூஸ்ட் டு லீட் தி ப்ரொசெஷன்." அரசர் இப்போது வருவதில்லை என்பதைத் தனியாகச் சொல்லவே வேண்டாம். 'யூஸ்ட் டு' அதையும் சேர்த்துச் சொல்லிவிட்டது.

ஹில் பேலஸ் 1865-இல் கட்டப்பட்டது. கொச்சி அரச குடும்பத்தின் அரண்மனையாக இருந்து, 1986-இல் பொதுமக்கள் பார்க்கும் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. "இட் யூஸ்ட் டு பி எ பேலஸ், நவ் இட் இஸ் எ மியூசியம்."

மட்டாஞ்சேரிக்குப் போனால் 1568-இல் கட்டிய யூதர் ஆலயத்தைப் பார்க்கலாம். அதைச் சுற்றியிருந்த குடும்பங்களில் பெரும்பாலானவை இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்துவிட்டன. "மெனி ஜ்யூயிஷ் ஃபேமிலீஸ் யூஸ்ட் டு லிவ் ஹியர்."

நம் வீட்டுக்கே வருவோம். திருப்பூணித்துறை முனையம் வரை மெட்ரோ ரயில் 2024 மார்ச்சில் வந்தது. "ஐ யூஸ்ட் டு கோ டு எர்ணாகுளம் பை பஸ், நவ் ஐ கோ பை மெட்ரோ." ஒரே வாக்கியத்தில் இரண்டு வகையும் இருக்கின்றன. முன்பாதி நின்றுபோனது, பின்பாதி நடந்துகொண்டிருப்பது.

கேள்வியாகவும் எதிர்மறையாகவும் மாற்றும்போது இறந்தகாலச் சுமை 'டிட்' என்ற சொல்லுக்குப் போய்விடும். ஆகவே எழுத்தில் 'யூஸ்ட்' என்பதன் கடைசி எழுத்தான 'டி' கழன்று 'யூஸ் டு' ஆகும்: "டிட் யூ யூஸ் டு லிவ் இன் மதுரை?", "ஐ டிட்ன்ட் யூஸ் டு ட்ரிங்க் காபி." பேசும்போது வேறுபாடு காதுக்குத் தெரியாது. எழுதும்போது கவனம் வேண்டும்.

இன்னொன்று. எத்தனை ஆண்டு, எத்தனை முறை என்று கணக்குச் சொன்னால் 'யூஸ்ட் டு' வராது. "ஐ யூஸ்ட் டு லிவ் இன் பாலக்காடு ஃபார் டென் இயர்ஸ்" தவறு. "ஐ லிவ்ட் இன் பாலக்காடு ஃபார் டென் இயர்ஸ்" என்பதே சரி.

நமக்குக் கைகொடுக்கும் 'போவேன்'

பழைய வழக்கத்தைச் சொல்ல ஆங்கிலத்தில் 'வுட்' என்ற இன்னொரு வழியும் உண்டு. இது தமிழனுக்கு எளிது. "சின்ன வயதில் தாத்தா எங்களைக் குளத்துக்கு அழைத்துப் போவார், கரையில் உட்கார்ந்து கதை சொல்வார்" என்கிறோம். போவார், சொல்வார் என்பவை வடிவத்தில் எதிர்காலம், பொருளிலோ பழைய வழக்கம். ஆங்கிலமும் அப்படியே எதிர்காலத்தைக் குறிக்கும் 'வில்' என்பதன் இறந்தகால வடிவத்தை எடுத்துக்கொண்டு சொல்கிறது: "க்ராண்ட்ஃபாதர் வுட் டேக் அஸ் டு தி பாண்ட். ஹி வுட் டெல் அஸ் ஸ்டோரீஸ்." இங்கும் வினை அடிவடிவம்தான்.

இரண்டு எச்சரிக்கைகள். முதலாவது, எந்தக் காலத்துக் கதை என்பதை முன்னாலேயே சொல்லிவிட வேண்டும். 'வென் ஐ வாஸ் எ சைல்ட்' என்று தொடங்கிவிட்டு 'வுட்' போடுங்கள். இரண்டாவது, செயலுக்கு மட்டுமே 'வுட்' வரும், நிலைக்கு வராது. அங்கே ஒரு குளம் இருந்தது என்பதற்கு "தேர் யூஸ்ட் டு பி எ பாண்ட்" என்றுதான் சொல்ல வேண்டும். "தேர் வுட் பி எ பாண்ட்" என்றால் பழைய நிலை என்ற பொருள் வராது. ஹில் பேலஸ் வாக்கியத்திலும் இதே காரணத்தால் 'வுட்' நுழையாது.

மூன்றாம் வகை: பழகிவிட்டது

இப்போது வருவதுதான் பெரிய பள்ளம். 'யூஸ்ட் டு' என்பதற்கு முன்னால் 'ஆம்', 'இஸ்', 'ஆர்', 'வாஸ்' அல்லது 'கெட்', 'காட்', 'கெட்டிங்' வந்துவிட்டால் பொருளே மாறிவிடும். அப்போது அது வழக்கத்தைச் சொல்லவில்லை, 'பழகிவிட்டது', 'பழகிக்கொண்டிருக்கிறது' என்று சொல்கிறது. அடுத்து வரும் வினை 'இங்'கில் முடிய வேண்டும்.

"ஐ ஆம் யூஸ்ட் டு ஈட்டிங் மட்ட ரைஸ்." மட்ட அரிசிச் சோறு எனக்குப் பழகிவிட்டது.

"வி ஆர் கெட்டிங் யூஸ்ட் டு ட்ரைவிங் இன் தி ரெயின்." மழையில் வண்டி ஓட்டுவது மெல்ல மெல்லப் பழகிவருகிறது.

"மை மதர் நெவர் காட் யூஸ்ட் டு ட்ரிங்க்கிங் பதிமுகம் வாட்டர்." பதிமுகம் போட்ட சிவப்புத் தண்ணீர் அம்மாவுக்குக் கடைசிவரை பழகவேயில்லை.

ஏன் இங்கே மட்டும் 'இங்'? பிள்ளைகள் கேட்கும் இந்தக் கேள்விக்கு நம் தமிழ் இலக்கணமே விடை வைத்திருக்கிறது. இந்த 'டு', நம்முடைய நான்காம் வேற்றுமை உருபான 'கு' போன்றது. "சத்தத்துக்குப் பழகிவிட்டேன்" என்பதில் 'கு' ஒட்டியிருப்பது பெயர்ச்சொல்லில். வினையை அந்த இடத்தில் வைக்க வேண்டுமென்றால் அதையும் பெயராக்கித்தான் ஒட்ட முடியும்: "சீக்கிரம் எழுவதற்குப் பழகிவிட்டேன்." 'எழுவது' தொழிற்பெயர். ஆங்கிலத்தில் வினையைப் பெயராக்குவது 'இங்'. ஆகவே "ஐ ஆம் யூஸ்ட் டு தி நாய்ஸ்", "ஐ ஆம் யூஸ்ட் டு கெட்டிங் அப் ஏர்லி" இரண்டும் ஒரே அச்சில் வார்த்தவை.

பின் ஏன் தவறுகிறோம்? தமிழில் "சீக்கிரம் எழப் பழகிவிட்டேன்" என்றும் சொல்லலாம். அந்த 'எழ' என்ற எச்சம் நாக்கில் நிற்பதால் 'யூஸ்ட் டு கெட் அப்' என்று வந்துவிடுகிறது. மனத்துக்குள் 'எழ' என்பதை 'எழுவதற்கு' என்று மாற்றிக்கொள்ளுங்கள். 'இங்' தானாக வரும்.

சந்தேகம் வந்தால் ஒரு சோதனை. 'டு' என்பதற்குப் பின்னால் வினையை எடுத்துவிட்டு 'தி ரெயின்', 'தி ஃபுட்' என்று ஒரு பெயரைப் போட்டுப் பாருங்கள். பொருள் நின்றால் வினைக்கு 'இங்' வேண்டும். "ஐ ஆம் யூஸ்ட் டு தி ரெயின்" நிற்கிறது. "ஐ யூஸ்ட் டு தி ரெயின்" விழுந்துவிடுகிறது. விழுந்தால் அங்கே அடிவடிவம். 'அக்கஸ்டம்ட் டு', 'லுக்கிங் ஃபார்வர்ட் டு' இரண்டும் இந்தச் சோதனையில் நிற்பவை. கடிதத்தின் முடிவில் 'லுக்கிங் ஃபார்வர்ட் டு மீட் யூ' என்று எழுதுவோர் இனி 'மீட்டிங் யூ' என்று எழுதலாம்.

ஒரு விதிவிலக்கையும் சொல்லிவிடுகிறேன். "திஸ் நைஃப் இஸ் யூஸ்ட் டு கட் ஜாக்ஃப்ரூட்." இந்தக் கத்தி பலாப்பழம் நறுக்கப் பயன்படுகிறது. இங்கே 'இஸ்' இருந்தும் 'கட்' அடிவடிவமாக இருக்கிறது. காரணம், இது பழக்கம் அன்று, பயன்பாடு. கத்திக்கு எதுவும் பழகாது அல்லவா? ஒலியிலும் வேறுபாடு உண்டு. பயன்பாட்டைச் சொல்லும் 'யூஸ்ட்' நடுவில் இஸட் ஓசையோடு ஒலிக்கும். பழக்கத்தைச் சொல்லும் 'யூஸ்ட்' எஸ் ஓசையோடு ஒலிக்கும்.

நம் பிள்ளைகளுக்கு ஒரு குறுக்கு வழி

கேரளத்தில் வளரும் நம் பிள்ளைகளுக்கு ஒரு வசதி இருக்கிறது. தமிழில் கலந்து கிடக்கும் மூன்று வகையையும் மலையாளம் தனித்தனியாகப் பிரித்து வைத்திருக்கிறது.

இன்றும் போகிறேன் என்றால் 'போகாறுண்டு'. ஆங்கிலத்தில் 'ஐ கோ'.

முன்பு போய்க்கொண்டிருந்தேன் என்றால் 'போகாறுண்டாயிருந்நு'. ஆங்கிலத்தில் 'ஐ யூஸ்ட் டு கோ'.

பழகிவிட்டது என்றால் 'சீலமாயி'. ஆங்கிலத்தில் 'ஐ காட் யூஸ்ட் டு கோயிங்'.

என் வகுப்பில் பிள்ளைகள் தடுமாறும்போது, "இதை உன் கூட்டுகாரனிடம் மலையாளத்தில் எப்படிச் சொல்வாய்?" என்று கேட்பேன். 'ஆயிருந்நு' வந்தால் 'யூஸ்ட் டு'. 'சீலம்' வந்தால் 'இங்'. வெறும் 'உண்டு' என்று முடிந்தால் நிகழ்காலம். தமிழ் வீட்டில், மலையாளம் தெருவில், ஆங்கிலம் பள்ளியில் என்று மூன்றுக்கும் நடுவே பிள்ளைகள் திண்டாடுகிறார்களே என்று சில பெற்றோர் என்னிடம் வருத்தப்படுவதுண்டு. வருத்தம் வேண்டாம். ஒரு மொழி காட்டாததை இன்னொரு மொழி காட்டிக்கொடுக்கிறது. வீட்டில் தமிழை நிறுத்தினால் ஆங்கிலம் நன்றாக வந்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 'வுட்' புரிவதற்குப் 'போவேன்' வேண்டியிருக்கிறது, 'இங்' புரிவதற்கு 'எழுவதற்கு' வேண்டியிருக்கிறது.

பயிற்சி

கீழே உள்ளவற்றில் எது சரி என்று குறித்துக்கொண்டு, பிறகு விடையைப் பாருங்கள்.

1. மை அங்கிள் யூஸ்ட் டு ______ இன் தஞ்சாவூர், பட் நவ் ஹி லிவ்ஸ் இன் கொச்சி. 'லிவ்' வருமா, 'லிவிங்' வருமா?

2. ஷி இஸ் யூஸ்ட் டு ______ மலையாளம் அட் ஆஃபீஸ். 'ஸ்பீக்' வருமா, 'ஸ்பீக்கிங்' வருமா?

3. டிட் யூ ______ டு ப்ளே கேரம்? 'யூஸ்' வருமா, 'யூஸ்ட்' வருமா?

4. எவ்ரி டே மை ஃபாதர் ______ தி நியூஸ்பேப்பர் அட் சிக்ஸ். 'ரீட்ஸ்' வருமா, 'யூஸ்ட் டு ரீட்' வருமா? அப்பா இன்றும் படிக்கிறார்.

5. திஸ் ரூம் இஸ் யூஸ்ட் டு ______ ரைஸ். 'ஸ்டோர்' வருமா, 'ஸ்டோரிங்' வருமா?

6. தேர் ______ பி எ வெல் பிஹைண்ட் அவர் ஹவுஸ். 'வுட்' வருமா, 'யூஸ்ட் டு' வருமா? கிணறு இப்போது இல்லை.

7. தி சில்ட்ரன் ஆர் கெட்டிங் யூஸ்ட் டு ______ அப் ஏர்லி. 'கெட்' வருமா, 'கெட்டிங்' வருமா?

விடைகள்: 1. லிவ். 2. ஸ்பீக்கிங். 3. யூஸ். 4. ரீட்ஸ். 5. ஸ்டோர் (அறைக்குப் பழக்கம் இல்லை, பயன்பாடுதான்). 6. யூஸ்ட் டு (நிலை, செயல் அன்று). 7. கெட்டிங்.

ஏழும் சரியென்றால் உங்களுக்கு இந்தப் பாடமே தேவையில்லை, பக்கத்து வீட்டுக்காரருக்குச் சொல்லிக்கொடுங்கள். நான்காவது மட்டும் தவறியிருந்தால் மேலே உள்ள முதல் வகையை இன்னொரு முறை படியுங்கள். ஆஸ்பத்திரியில், வங்கியில், வேலை நேர்முகத்தில் அதுதான் அடிக்கடி வரும். "என்ன வேலை தெரியும்?" என்று கேட்கும் இடத்தில் "ஐ யூஸ்ட் டு டு அக்கவுண்ட்ஸ்" என்றால், இப்போது கணக்கு வேலை பார்ப்பதில்லை என்றுதான் எதிரில் இருப்பவர் எடுத்துக்கொள்வார்.

மாமாவைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். நலமாக வீடு திரும்பினார். ஒரு வாரம் கழித்து வந்து, இந்தப் பாடம் முழுவதையும் என்னிடம் பொறுமையாகக் கேட்டார். ஒரு சிறு தாளில் தம் மருந்துகளின் பெயர், அளவு, நேரம் எல்லாவற்றையும் 'ஐ டேக்' என்று தொடங்கி எழுதி, சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். மாமி ஒரு பிரதியைக் கைப்பையில் வைத்திருக்கிறார். இலக்கணம் வந்தாலும் வராவிட்டாலும், வயதானவர்கள் இருக்கும் ஒவ்வொரு வீட்டிலும் அப்படி ஒரு தாள் இருப்பது நல்லது.

போகும்போது வாசலில் நின்று, "ஐ யூஸ்ட் டு மேக் திஸ் மிஸ்டேக்" என்றார் மாமா. இந்த முறை வாக்கியம் சரி, பொருளும் சரி.